செவ்வாய்க்கிழமை

பெயர்ச்சீட்டில் அறுபது எழுத்துக்கு மேல் இடமில்லை.
அதற்குள் உயரம், நிறம், பூக்கும் மாதம்,
வெயிலா நிழலா, எவ்வளவு குளிர் தாங்கும்.
சீட்டு அச்சடிப்பது என் வேலை.
அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

ரூலின் அதைக் கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை,
டிரெந்தே மணலில், எங்கள் நாற்றங்காலில்,
குப்பைமேட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே
யாரும் விதைக்காத இடத்தில்.
ஜெரேனியத்துக்கு ஐந்தே இதழ்,
எண்ணிப் பார்க்க ஒரு கை போதும்.
இதில் அவள் எண்ணி எண்ணித் தவறவிட்டாள்.
இருபத்தெட்டு. முப்பத்தொன்று.
மறுபடி இருபத்தெட்டு.
நீலம் என்று சொல்ல வாயெடுத்தால்
நடுவில் ரோஜா நிறம் குறுக்கே பேசுகிறது.
மழைச்சட்டையைக் கழற்றி அதன்மேல் பிடித்துக்கொண்டு
தான் நனைந்தபடி என்னைக் கூப்பிட்டாள்.
நான் முதலில் கேட்டது: "நோயா?"

ஏழு வருடம்.
ரொட்டி அறுக்கும் கத்தியால் வேர்க்கட்டையைப் பிளந்து
ஒன்றை நாலாக்கி, நாலைப் பதினாறாக்கி.
விதை கிடையாது இதற்கு.

எங்கள் மொழியில் இந்தச் செடிக்கு நாரையலகு என்று பெயர்.
இதழ் உதிர்ந்ததும் கூராக ஓர் அலகு நீளும்,
காய்ந்த ஒரு மதியம் சட்டெனச் சுருண்டு
கவண் வீசுவதுபோல் விதையைத் தூர எறியும்.
அடுக்குப் பூவுக்கு அலகில்லை.
தாது இருந்த இடமெல்லாம் இதழாகிவிட்டது.
வண்டு வரும், சுற்றும், வாசல் தேடும்,
கடன் கேட்க வந்த வீட்டில் பூட்டைப் பார்த்தவன்போல்
திரும்பும்.
அதனால்தான் எட்டு வாரம் வாடாமல் நிற்கிறது.
வந்த காரியம் முடியாதவர்கள்
வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

எஸ்டோனியாவில் ஒருத்தியின் பாத்தியில் நிற்பதும்
டென்மார்க்கில் ஒரு கல்லறையோரம் நிற்பதும்
இதன் பிள்ளைகள் அல்ல.
குழாயடியில் நனைந்த அதே செடி,
அதே உடம்பு,
அங்கேயும் நிற்கிறது.

பெயரில்தான் சண்டை வந்தது.
விற்பனைக்காரர்கள் இருவர்,
புழுதி படாத சப்பாத்துகளோடு.
'கோடை நடனம்' என்றார்கள். 'நீலச் சீமாட்டி' என்றார்கள்.
"செவ்வாய்க்கிழமையை யார் வாங்குவார்?"
"சனிக்கிழமையை எல்லோரும் வாங்குவார்கள்," என்றாள் ரூலின்,
காப்பி ஊற்றிக்கொண்டே,
"இதற்குத்தான் ஆள் வேண்டும்."

மார்ச்சில் போரெமா வந்தார், தொட்டியைக் கக்கத்தில் இடுக்கி.
"மைனஸ் இருபதில் செத்துவிட்டது. பணத்தைக் கொடு."
ரூலின் நகத்தால் மண்ணைக் கீறினாள்.
சிவப்பாக ஒரு முளை, அரிசியளவு.
அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை.
ஒரு மூட்டை உரம் வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலையில் பதிவு அலுவலகத்திலிருந்து வெய்ட்ஸ்மா.
அவர் தாளில் மூன்று கட்டங்கள்:
வேறுபட்டதா, ஒன்றுபோல் உள்ளதா, மாறாமல் நிற்கிறதா.
பதினோராம் வரிசையில் நின்றுவிட்டார்.
நாங்கள் இருவரும் பார்க்கத் தவறியது:
ஒரே ஒரு தண்டில்
ஐந்தே இதழில் ஒரு பூ,
தன் பழைய முகத்தோடு.
அதற்குள் தலைகீழாய் ஒரு பெருவண்டு,
பின்புறம் மட்டும் வெளியே.
ரூலின் என் முழங்கையைப் பிடித்தாள்.
வெய்ட்ஸ்மா பேனாவை மூடி
வண்டு தன் வேலையை முடிக்கும்வரை காத்திருந்தார்.
பிறகு 'ஒன்று' என்று எழுதினார்.
"ஒன்று இருக்கலாம்," என்றார்.

மறுநாள் அந்தத் தொட்டி வரிசையில் இல்லை.
நான் கேட்கவில்லை.
கால்வாய் ஓரம் ஈர மணலில்
ரூலினின் மரச்செருப்புத் தடம் மட்டும் இருந்தது.

இன்று இரண்டாயிரம் சீட்டு அச்சாக வேண்டும்.
எல்லாம் எழுதி எண்ணிப் பார்த்தேன்,
இன்னும் இரண்டெழுத்துக்கு இடமிருந்தது.
குளிரில் காணாமல் போகும், பிடுங்கி எறியாதே,
கோபித்துக்கொண்டு வராதே
என்று சொல்ல அது போதாது.

'இரு' என்று போட்டேன்.